யாருடைய குதிரை?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தப்பட்டது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், விலங்கியல் சம்பந்தமா ஏதாவது பேசுங்க. பாம்பு மட்டும் வேண்டாம், போன வருஷமே பேசியாச்சு" என்றார். சரி, பாம்பு இல்லை. குதிரையைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் மட்டக்குதிரை. வளர்த்தவன் ஒருவன், மேய்வது திறந்தவெளியில் என்று பாதிக் காட்டுவிலங்காகத் திரிகிற குதிரைகளை வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டிச் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற ஒரு வழக்கம் உலகத்தில் சில இடங்களில் இருக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சில விஷயங்களை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் இங்கே 1981 முதல் 1984 வரை பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன். ஊர் கீழ்பென்னாத்தூர். விடுதிக்குக் கட்டப் பணம் கிடையாது. காலையில் செஞ்சி பக்கத்திலிருந்து வருகிற பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வருவேன். முதல் வகுப்புக்கு நேரத்துக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வருகைப் பதிவேட்டில் என்னை மன்னித்த எங்கள் பேராசிரியர் இதோ சிரிக்கிறார்.

என் அப்பா ஜட்கா ஓட்டியவர். கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு ஆள் ஏற்றுவார். அவலூர்பேட்டை சந்தைக்குப் போவார். பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, ராத்திரியில் டாக்டரிடம் போக என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வண்டிதான். தீபத்துக்கு மட்டும் நாலு நாள் திருவண்ணாமலையிலேயே கிடப்பார். குதிரை ஒரு பெட்டை, செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெயர் ராணி. ஜட்காக் குதிரைகளில் பாதிக்கு ராணி என்றுதான் பெயர், மீதிப் பாதிக்கு ராஜா.

டவுன் பஸ் வந்தது. அப்புறம் ஆட்டோ வந்தது. 1982 வாக்கில் அப்பாவின் ஒருநாள் வரும்படி ராணியின் கொள்ளுக்கும் தவிட்டுக்கும் போதவில்லை. லாடம் தேய்ந்து ஓடியது. அந்த வருஷத் தீபத்துக்கு அவளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் குதிரையும் விற்கும் என்பது உங்களில் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மூன்று நாள் நின்றோம். வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், கடைசியில் "சுழி சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குதிரைக்குச் சுழி பார்ப்பது பெரிய சாத்திரம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதான குதிரையை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்ல அது வசதியான வார்த்தை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

திரும்பி வந்தோம். பொங்கல் கழிந்ததும் அப்பா ராணியின் கயிற்றை அவிழ்த்து ஏரிக்குள் விட்டார். "மேயட்டும், புல்லு இருக்குது" என்றார். இரண்டு தடவை அவளாகவே வீட்டுக்கு வந்து, லாயம் இருந்த இடத்தில் நின்றாள். மூன்றாவது தடவை அவளை ஓட்டிக்கொண்டுபோய் ஏழெட்டு மைல் தள்ளி விட்டுவிட்டு வரச்சொல்லி அப்பா என்னை அனுப்பினார். போனேன். விட்டேன். திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தேன். அப்போது நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் எங்களுக்கு வகுப்பில் நடந்த பாடம் பாலூட்டிகளின் பல் அமைப்பு.

மாசி மாதத்தில் ஒருநாள் டீக்கடையில் நின்றுகொண்டிருக்கிறேன். பக்கத்து ஊர்த் தலையாரி தண்டோரா போட்டுக்கொண்டு வருகிறார். "மட்டக்குதிரை ஒண்ணு மல்லாட்டைக் கொல்லையில மேஞ்சு பவுண்டுல கட்டியிருக்குது, சொந்தக்காரங்க வந்து தண்டம் கட்டி ஓட்டிக்கினு போகலாம்" என்றார். டீக்கடையில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஏம்பா, உங்க வீட்டு வண்டிக் குதிரையா இருக்கப் போவுது" என்றார். நான், "இல்லண்ணே, எங்களுது தீபத்துலயே வித்தாச்சு" என்றேன்.

அன்று ராத்திரி அப்பா, "சுட்டி இருந்துதாமாடா?" என்று மட்டும் கேட்டார். "தெரியலப்பா" என்றேன். தண்டமும் தீவனச் செலவும் சேர்த்துக் கட்ட எங்களிடம் பணம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஏலத்தில் போய்விட்டது என்று காதில் விழுந்தது. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

தம்பி தங்கைகளுக்குப் பவுண்டு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அடுத்தவர் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி அது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி நடப்பது. அந்தச் சட்டத்தில் கால்நடை என்றால் மாடு மட்டும் இல்லை. யானை, ஒட்டகம், குதிரை, மட்டக்குதிரை, குதிரைக்குட்டி, கோவேறு கழுதை, பன்றி, ஆடு வரைக்கும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழு நாளில் யாரும் உரிமை கேட்டு வராவிட்டால் அறிவிப்புக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் ஏழு நாள் பார்த்துவிட்டு ஏலம். இந்தப் பவுண்டு என்ற சொல் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

படித்து முடித்து ஆசிரியர் ஆனேன். 1992-லிருந்து வேதாரண்யம் பக்கம். அங்கிருந்து கோடியக்கரை கூப்பிடு தூரம். தமிழ்நாட்டில் குதிரைகள் கட்டுத்தறி இல்லாமல் கூட்டம் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கவேண்டும் என்றால் அங்கேதான் போகவேண்டும். ஒரு ஆண் குதிரை, நாலைந்து பெட்டைகள், கால் நீண்ட குட்டிகள் என்று புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். மொத்தம் நூற்றுக்கு மேல் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் "காட்டுக்குதிரை, காட்டுக்குதிரை" என்று படம் எடுப்பார்கள். விலங்கியல்காரனுக்கு அதைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. தமிழ்நாட்டில் காட்டுக்குதிரை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தியாவில் குதிரைக் குடும்பத்தில் காட்டுவிலங்கு என்றால் கட்ச் பாலைவெளியில் காட்டுக்கழுதையும் லடாக் பக்கத்தில் கியாங்கும்தான். குதிரை நமக்குக் கப்பலில் வந்தது. பாண்டிய நாட்டுக்கு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழியே வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் மார்க்கோ போலோவே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே கோடியக்கரையில் மேய்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கட்டி வளர்த்த குதிரையின் பேரனோ பேத்தியோதான்.

அந்தக் காடு 1967-லிருந்து சரணாலயம். முதலில் வெளிமானுக்காக ஏற்பட்டது. வெளிமான் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குதிரைக்கு எந்த அட்டவணையிலும் இடம் இல்லை. வருஷாவருஷம் வனத்துறை விலங்குக் கணக்கெடுப்பு நடத்தும். மாணவர்களையும் ஆசிரியர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள். நானும் பல வருஷம் பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வெளிமானை ஆண், பெண், குட்டி என்று பிரித்து எழுதுவோம். புள்ளிமான் எழுதுவோம், நரி எழுதுவோம். கடைசியில் குதிரை. ஒரு பையன் கேட்டான்: "சார், இது யாரோட குதிரை?" கூட வந்த வாட்சர், "யாரோடதும் இல்ல தம்பி, எண்ணிக்கையை மட்டும் எழுது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது.

குதிரை அங்கே இருப்பதால் சிக்கல் உண்டா என்றால், உண்டு. மாட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு இரண்டு தாடையிலும் உண்டு. ஆகையால் அது புல்லை ஒட்ட நறுக்கும். அசைபோடுகிற விலங்கு இல்லை. தின்றதில் சத்தை முழுசாக எடுக்க முடியாமல் நாளில் பெரும்பகுதி தின்றுகொண்டே இருக்கும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெளிமானும் குதிரையும் அங்கே பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே புல்லைத்தான் நம்பியிருக்கின்றன என்று காட்டியது. போதாததற்குச் சீமைக்கருவேலங்காய் குதிரைக்கு இனிப்புப் பண்டம் மாதிரி. தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதை போட்டுவிட்டுப் போகும். புல்வெளி முள்காடாகிவிட்டால் வெளிமான் எங்கே போகும்? பெயரிலேயே வெளி இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுக் கூரை போனது, தெருவில் ஒரு மரம் மிச்சமில்லை, அதையெல்லாம் விடுங்கள். பாதை திறந்தபின் கோடியக்கரைக்குப் போனோம். வெளிமான்கள் செத்துக் கிடந்தன, குதிரைகளும் கிடந்தன. வெளிமான் எத்தனை செத்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், அதிகாரிகள் கேட்டார்கள், நாங்களும் கேட்டோம். குதிரையைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. ஊரில் ஒரு பசுமாடு செத்தால்கூட அதன் சொந்தக்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், நிவாரணத்துக்கு மனு எழுதித் தரச்சொல்லி என்னிடம் வருகிறாள். குதிரைக்கு மனு எழுத யார் வருவார்?

2024-இல் ஓய்வு பெற்றேன். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் என் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் இங்கிலாந்து போனோம். மகள் இருப்பது சவுத்தாம்ப்டன். (பேரன். நன்றாக இருக்கிறான். கேட்ட நண்பர்களுக்கு நன்றி.) அந்த ஊருக்குப் பக்கத்திலேயே நியூ ஃபாரஸ்ட் என்ற இடம். பெயர்தான் புதுக்காடு. 1079-இல் வில்லியம் மன்னன் வேட்டைக்காக ஒதுக்கியது. காடு கொஞ்சம், புதரும் சதுப்பும் புல்லுமான திறந்தவெளி நிறைய. அங்கே சுமார் 5000 மட்டக்குதிரைகள் வேலி இல்லாமல் திரிகின்றன. ரோட்டில் நிற்கும், கடை வாசலில் நிற்கும், பஸ் ஸ்டாப் நிழலில் தூங்கும். முதல்நாள் பார்த்ததும் என் மனைவி, "இங்கேயும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றாள்.

அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை உள்ள வீட்டுக்காரர்களைக் காமனர் என்கிறார்கள். நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கில் மாடு விடுகிற குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரையின் உடம்பில் அவரவர் சூட்டுக்குறி இருக்கும். வருஷத்துக்கு ஒரு குதிரைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டவேண்டும். கட்டியாகிவிட்டது என்பதற்கு ரசீது எங்கே தெரியுமா? குதிரையின் வாலில். ஏஜிஸ்டர் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வட்டாரம். கட்டணம் கட்டிய குதிரையின் வால்மயிரைத் தன் வட்டாரத்துக்கு உரிய விதத்தில் படியாக நறுக்கிவிடுவார். தூரத்திலிருந்தே எந்த வட்டாரக் குதிரை என்று தெரிந்துவிடும். இதைவிட மலிவான ரசீதுப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை, வட்டாரம் வட்டாரமாக, குதிரைகளை ஓட்டிச் சேர்ப்பார்கள். அதற்கு ட்ரிஃப்ட் என்று பெயர். மகளின் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அங்கே குதிரை வைத்திருக்கிற தம்பி ஒருவர் இருந்தார். அவர் தயவில் ஒரு நாள் கிடைத்தது. "நான் சொல்ற இடத்துல நில்லுங்க, நகரக்கூடாது" என்பதுதான் நிபந்தனை. ஓட்டிவரும்போது குறுக்கே ஆள் நின்றால் குதிரை சிதறிவிடும், ஓட்டுகிறவன் கழுத்தும் முறியும்.

காலைப் பனி. முதலில் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ விசில் சத்தமும் கூப்பாடும் கேட்டது. பிறகு தரை அதிர்ந்தது. மேட்டிலிருந்து இறங்கி வந்தன. முன்னால் ஒரு கிழட்டுப் பெட்டை, அதற்கு வழி தெரிந்திருந்தது. பின்னால் முப்பது நாற்பது. குட்டிகள் தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஓடின. இரு பக்கமும் குதிரைமேல் ஆட்கள். பதினைந்து வயதுப் பெண்ணும் இருந்தாள், எழுபது வயதுக் கிழவரும் இருந்தார். சதுப்பு எங்கே, பள்ளம் எங்கே என்று அவர்களுக்கு மனப்பாடம். கடைசியில் மரக்கட்டையால் அடைத்த ஒரு பட்டிக்குள் அத்தனையும் போய் அடைந்தன. கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம், இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "பவுண்ட்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நம் ஊருக்கு அந்தச் சொல்லும் வந்தது, சட்டமும் வந்தது. ஆனால் நான் பார்த்த நம் ஊர்ப் பவுண்டு, தப்புச் செய்த மாடு அடைபடுகிற இடம். தண்டத்துக்குப் பயந்து சொந்தக்காரன் ஒளிந்துகொள்கிற இடம். அங்கே பவுண்டில் என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு குதிரையாகக் குறுகலான வழியில் விடுகிறார்கள். ஏஜிஸ்டர் குறியைப் பார்க்கிறார், வேலியில் சாய்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கிறார். அவர் வாயைத் திறக்குமுன்பே யாராவது ஒருவர் "என்னுது" என்கிறார். வால் நறுக்கப்படுகிறது. பூச்சிமருந்து கொடுக்கிறார்கள். ராத்திரி வண்டி வெளிச்சத்தில் மின்னுகிற பட்டையைக் கழுத்தில் மாட்டுகிறார்கள், கார் மோதாமல் இருக்க. குட்டிக்குத் தாயின் சொந்தக்காரருடைய குறியைப் போடுகிறார்கள். எலும்பு தெரிகிற குதிரை என்றால், "இது குளிர்காலம் தாங்காது, வீட்டுக்கு ஓட்டிப் போ" என்று சொல்லிவிடுகிறார்கள். விற்கவேண்டிய குட்டியைப் பிரிக்கிறார்கள். மற்றதெல்லாம் கதவைத் திறந்ததும் ஒரே ஓட்டம், மறுபடி வெளிக்கு.

மத்தியானம்வரை நின்றேன். எத்தனை தடவை அந்த "என்னுது" கேட்டது என்று எண்ணவில்லை. ஒரு தடவைகூட யாரும் டீக்கடையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளவில்லை.

அதற்காக இங்கிலாந்துக்காரன் எல்லாம் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் மேடைக்கே வந்துவிடுவார். மகள் ஒருநாள் டார்ட்மூருக்கும் கூட்டிப்போனாள். செஞ்சி மலையைப் போலப் பாறை பாறையாக அடுக்கிய குன்றுகள், நடுவே மரமில்லாத மேட்டுப் புல்வெளி. அங்கேயும் இலையுதிர் காலத்தில் இதேபோல ஓட்டிச் சேர்க்கிறார்கள். ஆனால் குட்டிக்கு விலை கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் சுரங்கத்துக்கும் வண்டிக்கும் மட்டக்குதிரை வேண்டியிருந்தது, இன்று யாருக்கு வேண்டும்? வளர்க்கிறவர்கள் குறைந்து, குதிரைகளும் முன்பு இருந்ததில் சிறு பங்குதான் மிச்சம். விலை போகாத குட்டியைச் சுட்டுவிடுகிற கொடுமையும் நடந்திருக்கிறது. எங்கள் அப்பா பட்ட பாடுதான் அவர்களும் படுகிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம், வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரும் ஒரே வேலியில் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. அங்கே பொய் சொல்லமுடியாது. நியூ ஃபாரஸ்டில் குட்டி அதிகமாகி விலை விழுந்துவிடக்கூடாது என்று ஆண் குதிரைகளைச் சில வாரம் மட்டும்தான் வெளியில் விடுகிறார்களாம். கோடியக்கரையில் இதைச் செய்ய ஆண் குதிரைக்குச் சொந்தக்காரர் யார்?

வேறு நாடுகளிலும் உண்டு. ஜெர்மனியில் டூல்மென் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1907-லிருந்து மே மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு வயது ஆண் குட்டிகளைக் கையாலேயே பிடித்துப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் ஷின்கோடீக் தீவில் ஜூலை மாதம் மட்டக்குதிரைகளைக் கடல் கால்வாயில் நீந்தவைத்து ஓட்டிவந்து குட்டிகளை ஏலம் விடுவது 1925-லிருந்து நடக்கிறது. அந்தக் குதிரைகளுக்குச் சொந்தக்காரர் அந்த ஊர்த் தீயணைப்புப் படை. நம்புங்கள், உண்மை.

தமிழ் பேசுகிற இடத்தில் நமக்கு நெருக்கமான உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் நெடுந்தீவு. டச்சுக்காரர் தங்கள் ஊர்ப் பெயரில் டெல்ஃப்ட் என்று அழைத்தார்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போகவேண்டும். ஐரோப்பியர் அங்கே குதிரை வளர்த்தார்கள். டச்சுக் காலத்து லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவர்கள் போனார்கள், குதிரை நின்றது. பவளக்கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே, மரம் குறைந்த வெளியில், இன்றும் மட்டக்குதிரைகள் திரிகின்றன. வறட்சி வந்தால் தண்ணீர் இல்லாமல் சாகின்றன. ஆனால் நெடுந்தீவு மக்களுக்கு அவை தங்கள் தீவின் அடையாளம். 2015-இல் இலங்கை அரசு அங்கே தேசியப் பூங்கா அறிவித்தது. அங்கே குதிரைதான் காக்கப்படுகிற பொருள். கோடியக்கரையில் குதிரை வந்தேறி. இதுவும் மட்டக்குதிரை, அதுவும் மட்டக்குதிரை. தலையெழுத்து மட்டும் வேறு.

கோடியக்கரைக்கு என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், என் கருத்து இதுதான். அந்த வெளி வெளிமானுடையது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குதிரை பெருகிக்கொண்டே போகவிடக்கூடாது. ஆனால் "அகற்று" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அகற்றி எங்கே விடுவீர்கள்? ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவிட்டு ரோட்டில் விடுகிற குதிரைகளுக்கே நகராட்சி அபராதம் போட்டு ஓய்ந்துபோகிறது. வருஷம் ஒருமுறை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒரு தடவை பிடித்துச் சேர்த்து, வயது, பால், உடல்நிலை பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் போட்டு, ஆண் குதிரைகளுக்குக் காயடித்து, பேரேட்டில் எழுதட்டும். மாவட்டத்தில் ஏதோ ஒரு துறை, "இவை எங்களுடையவை, இவை சாகிறவரை நாங்கள் பொறுப்பு" என்று கையெழுத்துப் போடட்டும். குதிரை இருபத்தைந்து வருஷம் வாழும். பொறுமையாகக் குறையட்டும். செலவாகும். எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது.

அப்பா 2003-இல் காலமானார். கடைசி வருஷங்களில் கண் சரியாகத் தெரியவில்லை. தீபத்தன்று மலையில் தீபம் ஏறியதும் எங்கள் ஊர் மொட்டைமாடியில் நின்று கும்பிடுவார், தெரிகிறதா என்று என்னைக் கேட்பார், தெரிகிறது என்பேன். ஒரு தீபத்தன்று அப்படிக் கும்பிட்டுவிட்டு, "சந்தையில இன்னும் ஒருநாள் நின்னிருக்கலாம்டா" என்றார். இருபது வருஷம் கழித்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில் நான் சொன்ன பதிலை அவரிடம் சொல்லவேயில்லை. சபையில் சொல்வது இன்றைக்குத்தான் முதல் தடவை. என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

போன தீபத்துக்குச் சந்தைக்குப் போனேன். குதிரைகள் வந்திருந்தன. பாதி கல்யாண ஊர்வலத்துக்கு, பாதி பந்தயத்துக்கு. வண்டிக் குதிரை அதிகம் இல்லை. ஒரு கிழவர் ஒரு மட்டக்குதிரையின் வாயைப் பிடித்துப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். "சுழி எப்படிங்க?" என்று சும்மா கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்கப் போறியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்குக் கேக்கற?" என்றார். நியாயமான கேள்வி.

விலங்கியல் துறை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கணக்கெடுப்பு அறிவிப்பு வந்ததும் கோடியக்கரைக்கு உங்களில் பத்துப்பேரைக் கூட்டிப்போக வனத்துறையிடம் கேட்டுப் பார்க்கிறேன். அனுமதி கிடைத்தால் பஸ் செலவு என்னுடையது. காலை நாலரைக்கு எழுந்திருக்கவேண்டும், கொசுக்கடி உண்டு. குதிரையைப் பார்த்தால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் நிறம், சுட்டி, காது, காயம் எல்லாம் எழுதிக்கொள்ளவேண்டும். ஒரு தனி நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வாசலில் என் வகுப்புத் தோழர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார், பெயரும் போன் நம்பரும் கொடுங்கள். சாம்பார் ஆறுகிறது என்று செயலாளர் கைகாட்டுகிறார்.